பைபிளம்மா கேக்காத கேள்வி

எனக்கு ரெண்டு பேரக் கண்டா ஆகாது. ஜீப்புல முன்சீட்டுல ஒக்காந்துகிட்டு, இல்லாத பிரேக்கக் கால்ல தேடுறவங்க ஒண்ணு. எதையும் மெல்லமாப் பேசி, மெல்லமாச் செஞ்சு நம்ம உசுர வாங்குறவங்க இன்னொண்ணு. பைபிளம்மா இந்த ரெண்டும் சேந்த ஆளு. அவங்கள ஆறு வருஷம் ஏத்திக்கிட்டு மலையெல்லாம் சுத்துனேன்னா எனக்கே இப்ப நம்ப முடியல.

எனக்கு ஆனைக்கரையில ஜீப்பு ஓட்டுற பொழப்பு. காலையில கம்பம்மெட்டு வழியா வர்ற கூலிக்காரங்கள ஏத்தியாந்து ஏலத்தோட்டத்துல எறக்குவேன், சாயங்காலம் திருப்பிக் கொண்டு போயி விடுவேன். நடுவுல வண்டி சும்மா கெடக்குற நேரத்துக்கு, வாரத்துல ரெண்டு நாள் சபைக்காரங்க பேசி வச்சிருந்தாய்ங்க. பைபிளம்மாங்கிறது பேரு இல்ல. சபையில ஊழியத்துக்குன்னு வச்சிருக்கிற பொம்பளைய இங்க எல்லாரும் அப்பிடித்தான் கூப்புடுவாங்க. கூலிக்காரங்க குடியிருக்கிற லயம் ஒவ்வொண்ணுக்கும் போயி, சீக்காக் கெடக்குறவங்களப் பாத்து, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்து, ஜெபம் பண்ணிட்டு வர்றது அவங்க வேல. நாகர்கோயில் பக்கத்து ஆளு. நாங்க குலசாமிக்குக் கெடா வெட்டுற குடும்பம். அவங்க உள்ள ஜெபம் பண்ணும்போது நான் வெளிய பீடி குடிச்சுக்கிட்டு நிப்பேன். அதுல அவங்களுக்கும் வருத்தம் கெடையாது, எனக்கும் கெடையாது.

மொதல்லயே ஒண்ணச் சொல்லிர்றேன். ஊழியக்காரம்மான்னா எதுக்கும் அஞ்சாத ஆளுன்னு நெனச்சுக்காதீங்க. அவங்களுக்கு இடின்னா பயம், வளைவுன்னா பயம், கட்டிப்போட்ட மாட்டக் கண்டாக்கூடப் பயம். ஒருநாள் கணுக்கால்ல அட்டை ஏறிருச்சு. மூஞ்சி வெளுத்துப் போச்சு. "தம்பி, அத எடுத்து விட்டுருங்க. கொன்னுறாதீங்க"ன்னாங்க. ரத்தம் குடிச்சு வீங்கிப் போன அட்டைக்கு வக்காலத்து வாங்குன பொம்பளைய நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

வளைவுல எறங்கும்போது முன்னால இருக்குற கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்குவாங்க. "கொஞ்சம் மெதுவாப் போலாமா தம்பி?"ன்னு கேப்பாங்க. நான் வேணும்னே ஒரு மிதி மிதிப்பேன். வையணும்ல? வையமாட்டாங்க. கண்ண மூடிக்கிட்டு ஒதடு மட்டும் அசையும். வஞ்சாலாவது திருப்பி வையலாம். அந்த மூடுன கண்ண என்னத்தச் செய்ய? நாலு வளைவு தாண்டுறதுக்குள்ள எங்கால் தானா பிரேக்குக்குப் போயிரும். எனக்கு அதுல இன்னும் எரிச்சல்.

எந்த வீட்டுக்கும் நேராப் போயிக் கதவத் தட்டமாட்டாங்க. இருவது அடி தள்ளியே நின்னு இருமுவாங்க. குடைக்கம்பால கல்லுல ரெண்டு தட்டு. அப்புறம், "நாந்தான் மக்களே, வரட்டுமா?" அவங்க ஊர்ல பெரியவங்க சின்னவங்க எல்லாருமே மக்களேதான். மழை ஊத்தும், அட்டை ஏறும், உள்ளேருந்து பதில் வர்ற வரைக்கும் அங்கனயே நிப்பாங்க. "ஏம்மா, இதென்ன கலெக்டர் ஆபீஸா?"ன்னு ஒருநாள் கேட்டுட்டேன். "உள்ள என்ன நெலமையில இருக்காங்களோ தம்பி. திடுக்குன்னு ஆயிரும்லா"ன்னாங்க.

உள்ள போனாலும் வந்த காரியத்தக் கேக்கமாட்டாங்க. ஒரு பொம்பளைக்குக் கன்னம் கன்னிப்போயி இருக்கும். ஊரே "அடிச்சானா, எதுக்கு அடிச்சான்"னு தொளைச்சு எடுத்துருக்கும். இவங்க தரையில ஒக்காந்து பாலு விடாத கட்டன்சாயா குடிச்சுக்கிட்டே, நேத்து இடிச்ச இடிக்குத் தான் கட்டிலுக்கடியில போயி ஒளிஞ்ச கதையச் சொல்லிக்கிட்டு இருப்பாங்க. அந்தப் பொம்பள சிரிக்கும். சிரிச்சு முடிச்சுட்டு, யாரும் கேக்காமலே எல்லாத்தையும் சொல்லும். வெளிய நிக்கிற எனக்குக்கூடக் கேக்கும்.

ஒருநாள் ஒரு லயத்துக்குப் போனா, ஒருத்தன் முழுபோதையில வாக்கத்தியோட வாசல்ல நிக்கிறான். காடு வெட்டுற கத்தி அது, கைத்தண்டி மரம் ஒரே வீச்சுக்குச் சாயும். உள்ள அவன் பொண்டாட்டியும் கைப்பிள்ளையும். ஊர்சனம் அம்புட்டும் மேட்டுல நின்னு வேடிக்க பாக்குது. பைபிளம்மா எறங்கிட்டாங்க. வெக்கத்த விட்டுச் சொல்றேன், நான் எறங்கல. ரிவர்ஸ் கியரப் போட்டு, கிளச்ச மிதிச்சுக்கிட்டே ஒக்காந்துருந்தேன்.

அவங்க பத்தடி தள்ளி நின்னு, "நாந்தான் மக்களே. இங்கனயே நிக்கேன். வரவேண்டாம்னா வரல"ன்னாங்க. அவன் வஞ்ச வசவ எங்கேயும் சொல்ல முடியாது. "சரி மக்களே"ன்னாங்க. மறுபடி வஞ்சான். "சரி மக்களே." தூறல் விழுந்துச்சு, பெருமழை ஆச்சு. அந்தம்மா கையில குடைய வச்சுக்கிட்டு விரிக்காம நனைஞ்சுக்கிட்டு நிக்கிது! எனக்குச் சந்தேகம், இதுக்குப் புத்தி கித்தி கலங்கிருச்சோன்னு. ஒரு அரைமணி நேரம் இருக்கும். அவனுக்கே சலிச்சுப் போச்சு. "கூட்டிக்கிட்டுப் போய்த் தொலை"ன்னு பொண்டாட்டியையும் பிள்ளையையும் வெளிய தள்ளிக் கதவச் சாத்திக்கிட்டான்.

ஜீப்புல ஏறுனதும் அவங்க பல்லு கடகடன்னு அடிச்சுக்குது. "தம்பி, தண்ணி இருக்கா? காலு சொன்னபடி கேக்க மாட்டேங்கு." தண்ணியக் குடுத்துட்டு, "குடைய ஏம்மா விரிக்கல?"ன்னு கத்துனேன். "படக்குன்னு விரிஞ்சா சத்தம் வரும்லா. அவன் மெரண்டு போவான்."

மறுவாரம் அவனையே பாக்கப் போகணும்னு நிக்கிறாங்க. எனக்கு வந்துச்சே கோவம். "அவனுக்கும் பயம்தான தம்பி"ன்னாங்க. "அவனுக்கென்ன பயம்? கத்தி அவன் கையிலல்ல இருக்கு!" "அதத்தான் நானும் சொல்லுதேன்." இப்பிடிப் பேசுற ஆளுகிட்ட என்ன மல்லுக்கு நிக்க முடியும்? ஓட்டிக்கிட்டுப் போனேன்.

சபையிலயும் அவங்களப் பத்திப் புகார் உண்டு. மே மாசம் லீவுல பிள்ளைகளுக்குப் பத்து நாள் பைபிள் பள்ளிக்கூடம் நடத்துவாங்க. பாட்டு, கத, ஜிகினாத் தாள் ஒட்டுறது, முடிஞ்சதும் பன்னும் சர்பத்தும். எங்க சாதிசனத்துப் பிள்ளைகளும் போகும், எம்மக அபியும் போவா. கமிட்டிப் பெரியவர் ஒருத்தர், "நீங்க ஏன் பிள்ளைகளுக்கு நரகத்தப் பத்திச் சொல்லிக் குடுக்குறதில்ல?"ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டுட்டார். "எனக்கே அது நெனச்சா பயமா இருக்குங்கையா. பயந்தவ எப்பிடிச் சொல்லிக் குடுக்க?"ன்னாங்களாம். வீட்டுல வந்து இதச் சொல்லிட்டு, எம்மக விழுந்து விழுந்து சிரிச்சா. நானும் சிரிச்சேன்.

ஆனா ஒண்ணு. எனக்கு அந்தம்மாகிட்ட உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு. அந்தக் கொரலுக்குப் பக்கத்துல ஒக்காந்தா நம்ம சத்தம் நமக்கே கேக்கும். எங்க வீட்டுல எல்லாத்துக்கும் எஞ்சத்தம்தான். சோத்துல உப்பு இல்லன்னாலும் சத்தம், செருப்பக் காணோம்னாலும் சத்தம். கை நீட்டுறதும் உண்டு. பிள்ளைன்னா பயத்துல வளரணும், எங்கப்பன் என்னய அப்பிடித்தான் வளத்தான்னு நெனச்சுக்கிட்டுத் திரிஞ்ச காலம்.

பைபிளம்மா வந்த அஞ்சாவது வருஷம் எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஏலக்காய் ஒணத்துற ஸ்டோருக்குப் பின்னால ஒரு நாய்க்குட்டி வந்து ஒட்டிக்கிச்சு. பிள்ளைகளுக்கு அதுமேல கொள்ளப் பிரியம். அபிக்கு அப்ப ஒம்பது வயசு. "அதுகிட்டப் போன, கால ஒடிச்சுப்புடுவேன். கடிச்சா என்ன செய்வாங்க தெரியுமா? தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி. இம்புட்டு நீளம்"னு முழங்கை வரைக்கும் அளந்து காமிச்சேன். அது எங்கப்பன் காலத்து ஊசி. இப்பத் தோள்லதான் போடுறாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும், எத்தன பேர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயி விட்டுருக்கேன். பிள்ளைய மெரட்டுறதுக்கு அந்தப் பழைய ஊசி வசதியா இருந்துச்சு, அம்புட்டுதான்.

ஒரு சனிக்கெழம சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, அடுப்படியில காப்பித்தூள் டப்பா கவுந்து கெடக்கு. "யார்டி கொட்டுனது?" அபி திருதிருன்னு முழிச்சா. முதுகுல ரெண்டு வச்சேன். அழக்கூட இல்ல, கையப் பாவாடைக்குள்ள மறைச்சுக்கிட்டு ஓடிப்போயிட்டா. திமிரப் பாருன்னு நெனச்சேன்.

செவ்வாய்க்கெழம அந்த நாய்க்குட்டி வாயெல்லாம் நொரை தள்ளிச் செத்துப்போச்சு. மாட்டாஸ்பத்திரிக்காரங்க வந்து தூக்கிட்டுப் போனாங்க. ரெண்டு நாள் கழிச்சு, வெறிநாய்னு முடிவு வந்துருச்சு. தொட்டவங்க, கடிபட்டவங்க எல்லாரும் உடனே ஊசி போடணும்னு, சுகாதார வேல பாக்குற ஆஷா அக்கா வீடு வீடா வந்து பேரு எழுதுறாங்க. வெறி வந்துட்டா மருந்தே கெடையாது, தண்ணியக் கண்டாலே நடுங்கி நடுங்கிச் சாவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அபியப் புடிச்சு இழுத்து நிறுத்துனேன்.

"ஏய், அது ஒன்னயக் கடிச்சுதா? உண்மையச் சொல்லு. கடிச்சுதுன்னு தெரிஞ்சுது, தோல உரிச்சுருவேன்!"

"இல்லப்பா."

அப்பாடான்னு இருந்துச்சு. ஆஷா அக்காவும் இல்லன்னு எழுதிக்கிட்டாங்க. ஒரு தகப்பன் கேக்குற கேள்வியா அது? சொல்லுங்க.

மறுநாள் வெள்ளிக்கெழம பைபிளம்மா வந்தாங்க. பட்டை போல்ட்டு ஒண்ணு லூசாகி இருந்துச்சு, நான் ஜீப்புக்கடியில படுத்து முறுக்கிக்கிட்டு இருந்தேன். அவங்க வாசப்படியில ஒக்காந்து, எம்பொண்டாட்டி குடுத்த பட்டாணிய அபியோட சேந்து உரிச்சாங்க. எனக்கு அவங்க காலு மட்டும் தெரியுது, பேச்சு நல்லாக் கேக்குது. அபி எடதுகையால மட்டும் உரிச்சத அவங்க பாத்துருக்கணும். பெத்தவன் ஆறு நாளாப் பாக்கல.

நாயப் பத்தி அவங்க வாயே தொறக்கல. "மக்களே, எனக்கு ஊசின்னா பயம் கேட்டியா. போன மாசம் ரத்தம் எடுக்க வந்த நர்ஸம்மாகிட்ட, கண்ண மூடிக்கிடட்டுமான்னு கேட்டேன்"னாங்க.

அபி சிரிக்கல. நாலஞ்சு பட்டாணி சட்டியில விழுந்துச்சு. "வலிச்சுதா?"ன்னா.

"வலிச்சுது. ரெண்டு பட்டாணி உரிக்கிற நேரம். அப்புறம் போயிட்டு."

"தொப்புள்ள போட்டா ரொம்ப வலிக்குமா?"

"தொப்புள்ள எனக்கு யாரும் போட்டதில்லையே மக்களே. அப்பிடிப் போடுவாங்கன்னு யாரு சொன்னா?"

"அப்பா."

எங்கையில இருந்த ஸ்பேனர் நழுவி நெஞ்சுல விழுந்துச்சு. வலி தெரியல.

 "அப்பா சின்னப்பிள்ளையா இருக்கும்போது அப்பிடி இருந்துச்சு. பாவம், அவங்களும் பயந்துருப்பாங்க. இப்பத் தோள்லதான் போடுதாங்க"ன்னாங்க. என் பொய்யக்கூட அந்தம்மா என் பிள்ளை முன்னால காட்டிக் குடுக்கல.

அபி அழ ஆரம்பிச்சா. நான் தவழ்ந்து வெளிய வந்தேன். வலதுகையப் பாவாடைக்குள்ளேருந்து எடுத்து நீட்டிக்கிட்டு இருக்கா. சுண்டுவிரலுக்குக் கீழ ரெண்டு பல்லு பதிஞ்ச எடம், அதுமேல காப்பித்தூள் கருப்பாக் காஞ்சு ஒட்டிக்கெடக்கு. எங்க வீடுகள்ல ரத்தம் வந்தா காப்பித்தூள்தான் அப்புவோம். அவளே அப்பிக்கிட்டுருக்கா. அதுக்குத்தான் நான் முதுகுல வச்சது.

"ஏண்டீ...!" கை தன்னால ஓங்கிருச்சு.

"தம்பி."

அம்புட்டுதான் சொன்னாங்க. மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்துருக்கு. எனக்கும் பிள்ளைக்கும் நடுவுல எந்திரிச்சு நின்னுட்டாங்க. எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "இப்ப நீங்க சத்தம் போட்டா மிச்சத்தச் சொல்லமாட்டா"ன்னாங்க.

மிச்சமா? இன்னும் என்ன மிச்சம்? தொண்டை வரைக்கும் வந்துருச்சு சத்தம். அத நான் முழுங்குனேன். என் ஆயுசுல மொதத் தடவ. ஓங்குன கைய எறக்குனேன்.

அபி எம்மூஞ்சியப் பாக்காம, பட்டாணிச் சட்டியப் பாத்துச் சொன்னா. "முன்னியவும் கடிச்சுது."

முன்னி, ஸ்டோர்ல வேல பாக்க ஜார்கண்ட்லேருந்து வந்த புருசன் பொண்டாட்டிக்கு ஒத்தப் பிள்ளை. அஞ்சு வயசு. ஆஷா அக்கா கேட்டதுக்கு, பாஷ புரியாம பெத்தவங்க இல்லன்னு தலைய ஆட்டிருக்காங்க. தொடையில கடி, கவுனுக்குள்ள. அபி சொன்ன தொப்புள் ஊசிக்கு அந்தப் பிஞ்சும் பயந்து போயி, ரெண்டு பிள்ளைகளும் யார்கிட்டயும் சொல்றதில்லன்னு சத்தியம் பண்ணிக்கிட்டிருக்குக. அபிதான் அதுக்கும் காப்பித்தூள் அப்பி விட்டுருக்கா. நான் மட்டும் அன்னைக்கு ஒரு சத்தம் போட்டுருந்தா, அந்தப் பிள்ளை செத்துருக்கும். எதுல செத்துச்சுன்னுகூட யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

ரெண்டு பிள்ளைகளையும் முன்னி அம்மாவையும் அள்ளிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டுனேன். கொழாயத் தொறந்துவிட்டு, சோப்புப் போட்டுக் காமணி நேரம் கழுவுனாங்க. அப்புறம் கடிவாய்லயே குத்தி, வெறிக்கு எதிர்மருந்தான சீரம் ஏத்துனாங்க. ரெண்டும் போட்ட அலறல்ல வராண்டாவே திரும்பிப் பாத்துச்சு. "வலிக்கும் மக்களே. நல்லாக் கத்திக்கோ"ன்னாங்க பைபிளம்மா. அபி அவங்க சேலையக் கிழியக் கிழியப் புடிச்சிருந்தா. நான் பக்கத்துலதான் நின்னேன். எங்கையப் புடிக்கல.

ஊசி அம்புட்டையும் தவணை தப்பாமப் போட்டோம். ஆனாலும் ஆறு நாள் தவறிப் போச்சேங்கிற பயம் போகல. தெனம் காலையில அபி டம்ளரத் தூக்குவா. தண்ணி தொண்டையில எறங்குதான்னு பாத்துக்கிட்டே நிப்பேன். எறங்குனதும்தான் வண்டிய எடுப்பேன். பத்துப் பதினஞ்சு நாள்ல அவளுக்கு அது தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் செவுத்தப் பாத்துத் திரும்பி நின்னு குடிக்க ஆரம்பிச்சா.

வந்தவங்க எல்லாரும் ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க. பைபிளம்மாகிட்ட நானே கேட்டேன், "ஒண்ணும் ஆகாதுல்லம்மா? ஒங்க சாமிகிட்ட கேட்டீங்களா?" "தெனமும் கேக்கேன் தம்பி. எனக்கும் பயமாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு, பக்கத்துல ஒக்காந்துட்டாங்க. அன்னைக்குத்தான் நான் அழுதேன். அவங்க கண்ணத் தொடைன்னும் சொல்லல, ஜெபம் பண்ணட்டுமான்னும் கேக்கல. வண்டி நேரம் வர்ற வரைக்கும் கூடவே இருந்தாங்க.

ரெண்டு பிள்ளைகளுக்கும் ஒண்ணும் ஆகல. முன்னி குடும்பம் ஊருக்குப் போயிருச்சு. மறுவருஷம் பைபிளம்மாவ வேற பக்கம் மாத்திட்டாங்க. சாமான ஏத்திக்கிட்டு நாந்தான் பஸ்ஸுக்குக் கொண்டு போயி விட்டேன். பஸ்ஸு வர நேரமாச்சு. வெக்கத்த விட்டுக் கேட்டேன். "எம்மக ஒங்ககிட்டச் சொல்லிட்டா. எங்கிட்ட எப்பம்மா சொல்லுவா?"

யாருக்கும் மனசு நோகப் பேசாத ஆளு. ஏதாச்சும் ஆறுதலாச் சொல்லுவாங்கன்னுதான் கேட்டேன். அவங்க எம்மூஞ்சிய ரொம்ப நேரம் பாத்துட்டு, "தெரியல தம்பி"ன்னாங்க.

இப்ப அபி பத்தாவது படிக்கிறா. கை நீட்டுறத அன்னைக்கே விட்டுட்டேன். சத்தம்தான் இன்னும் முழுசாப் போகல, அப்பப்ப வந்து தொலைக்கும். அவளுக்கு எது வேணும்னாலும் அம்மாகிட்டதான் போவா.

போன புதன்கெழம சாயங்காலம் வண்டி கழுவிக்கிட்டு இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தவ பைய எறக்காம எம்பக்கத்துல வந்து நின்னா.

"அப்பா, ஒண்ணு சொன்னா அடிப்பீங்களா?"

"அடிக்க மாட்டேன்."

"சத்தம் போடுவீங்களா?"

மாட்டேன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். இவகிட்டப் பொய் சொல்லிப் பட்டது போதும்னு தோணுச்சு. "போட்டாலும் போட்டுருவேன் தாயி. பரவால்ல, நீ சொல்லு."

கொஞ்ச நேரம் எம்மூஞ்சியவே பாத்தா. "நாளைக்குச் சொல்றேன்ப்பா"ன்னு உள்ள போயிட்டா.

வியாழனும் போயிருச்சு, வெள்ளியும் போயிருச்சு. என்னவா இருக்கும், யாரு என்ன செஞ்சாங்க, பிள்ளைக்கு எங்க வலிக்குதுன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. கேக்கலாம்னு வாயத் தொறந்தா, எங்க சத்தம் வந்துருமோன்னு பயமா இருக்கு. அவ பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரத்துக்கு, தெனமும் வாசல்ல நின்னு, கழுவுன வண்டியவே திருப்பித் திருப்பிக் கழுவிக்கிட்டு இருக்கேன்.